கஞ்சிச் சட்டையில் ஒரு கை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சீசாக்கா என்றுதான் பெயர். தலைமையாசிரியை முதல் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவள் சீசாக்கா. வேதியியல் ஆய்வுக்கூடத்துச் சீசாக்களைத் துடைத்து, நிரப்பி, அடுக்கிப் பூட்டி வைப்பவள் என்பதால் வந்த பெயர் அது. அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவள் புருஷன். ஒரு நாள் மத்தியானம் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை துடைத்த துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நிர்வாகம் இரக்கப்பட்டு வேலையை அவளுக்குக் கொடுத்தது. சேர்ந்த புதிதில் அந்த ஸ்டூலில் உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை. கால் கடுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.

ஆய்வுக்கூடம் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் பாதிவரை வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். காலையில் கதவைத் திறந்ததும் ராத்திரியெல்லாம் அடைந்து கிடந்த வாசனை முகத்தில் வந்து மோதும். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகச் சீசாக்கள். ஒவ்வொன்றின் மேலும் செத்துப்போன மனுஷனின் கையெழுத்து, நேற்று எழுதி ஒட்டிய மாதிரி. அவற்றைத் துடைக்கும்போதெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்வது போலிருக்கும்.

அலமாரியை அடுக்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மேல் தட்டில் தனிமங்கள்: கந்தகம், துத்தநாகம், செம்பு, அயோடின். என்ன அடித்தாலும், என்ன எரித்தாலும் தன்னைத் தவிர வேறு எதுவும் உள்ளே இல்லாத பிடிவாதக்காரர்கள். நடுத் தட்டில் சேர்மங்கள். இரண்டு மூன்று தனிமங்கள் கூடிக் கலந்து, பழைய குணத்தையெல்லாம் தொலைத்துப் புதிதாகப் பிறந்தவை. கீழ்த் தட்டில் கலவைகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவரவர் குணம் அவரவருக்கு. வடிகட்டினாலோ, காய்ச்சினாலோ, காந்தம் வைத்தாலோ பிரிந்து போய்விடும்.

கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில் அவர் அவளை அங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தாளில் இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்தார். காந்தத்தைக் காட்டினார். இரும்பு மட்டும் எழுந்து வந்து காந்தத்தில் மீசையாக ஒட்டிக்கொண்டது. மறுபடி கலந்து குழாயில் போட்டுச் சூடாக்கினார். கருப்பாக ஒரு கட்டி கிடைத்தது. காந்தத்தை எவ்வளவு தேய்த்தும் அது அசையவில்லை.

"இப்ப இரும்பு எங்க போச்சு?" என்றாள் அவள்.

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. ஆனா இனிமே யாரு கூப்பிட்டாலும் வராது."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அவளுக்கு அன்று புரிந்தது. 

வீட்டில் அவளோடு இருந்தது அவர் தங்கை. பாப்பா என்று கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவள், நிலைப்படியில் குனிந்து நுழைய வேண்டிய உயரம், மூட்டை தூக்குகிறவள் மாதிரி தோள். ஆனாலும் பாப்பாதான். சலவைக் கடையில் துணி அலசிக் கஞ்சி போடும் வேலை. கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணனே உலகம் என்று இருந்துவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கே சுண்டு விரல் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்திருக்கும். அண்ணனுக்கும் அப்படித்தான்.

மாடியில் இரண்டே அறை. முன்னறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய வெள்ளைச் சட்டை தொங்கியது. அவர் போன பிறகும் அந்த வீட்டில் ஒரு வழக்கம் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா அந்தச் சட்டையை அலசி, கஞ்சியில் முக்கி, பிழிந்து மாட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை சீசாக்கா இஸ்திரி போடுவாள். போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. ஏன் செய்கிறோம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் நிறுத்த வேண்டியிருக்குமோ என்று பயம்.

இந்த நிலையில்தான் பள்ளி வேன்காரர் அவளிடம் மனசைத் திறந்தார். அவரும் துணையை இழந்தவர். எல்லோரும் சீசாக்கா என்று கூப்பிடும்போது அவர் மட்டும் அந்த 'அக்கா'வைச் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க... சீசா..." என்று ஆரம்பித்தார்.

"என்ன, சீசாவா?"

"அக்கான்னு கூப்பிட்டுட்டு அப்புறம் எப்படிங்க கல்யாணத்துக்குக் கேக்கறது? அதான் பாதியோட நிறுத்திட்டேன்."

அவள் ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். பரீட்சை முடிந்ததும் தன் சொந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போகப் போவதாகவும், அதற்குள் பதில் சொன்னால் போதும் என்றும் அவர் சொன்னார். அந்தச் சிரிப்பிலேயே அவள் மனசு பாதி பதில் சொல்லிவிட்டது. மிச்சப் பாதி பாப்பாவிடம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, சட்டையை அலச வாளியோடு உட்கார்ந்திருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். பாப்பா நிமிரவில்லை. தண்ணீருக்குள் கை அசையாமல் நின்றது.

"நல்லதுதானே அண்ணி," என்றாள் கடைசியில். "எத்தனை நாளைக்குத் தனியா இருப்பீங்க?"

'தனியா' என்ற சொல் சீசாக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. நீ இருக்கும்போது நான் எங்கே தனி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் உலையை வைத்தாள்.

மறுநாள் இஸ்திரி போட ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். ஜன்னல் வழியாகப் பளீரென்று வெயில். வெள்ளைச் சட்டையின் இடது மார்பில், நெஞ்சு துடிக்கும் இடத்தில், ஒரு கை.

கருநீலத்தில் ஒரு முழு உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்திருந்தது. சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

 தன் கையை மேலே வைத்துப் பார்த்தாள். அந்தக் கைக்குள் அவள் கை காணாமல் போனது. அவ்வளவு பெரிய கை. அவளை முதல் முதலாகத் தொட்ட கையும் இந்த அளவுதான்.

பாப்பா கடைக்குப் போயிருந்தாள். சீசாக்கா பதறிப்போய்த் தண்ணீரைத் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது. பெட்டியை எடுத்துப் பார்த்தால் சட்டை பால் போல் வெளுத்திருந்தது. கை இல்லை. 'கண்ணு ஏமாத்தியிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சூடு ஆறாத சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு டீ போடப் போனாள்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது அந்தக் கை சட்டையில் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

முதலில் விரல் நுனிகள். பிறகு உள்ளங்கையின் மேடு. சட்டைக்கு உள்ளே யாரோ நின்றுகொண்டு, வெளியே வர வழி தெரியாமல் துணியில் கையை அழுத்துவது போல. டம்ளர் கைநழுவித் தரையில் உருண்டது.

படியேறி வந்த பாப்பா அதைப் பார்த்தாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி வெளிறியது.

"அண்ணன்," என்றாள் குரலே எழும்பாமல். "அண்ணன் கை, அண்ணி. சுண்டு விரலப் பாருங்க."

"சும்மா இரு பாப்பா. ஏதாவது சாயம் பட்டிருக்கும்."

"எந்தச் சாயம் மறைஞ்சுட்டுத் திரும்பி வரும்? அண்ணனுக்குப் பிடிக்கல. அவரு கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு." பாப்பா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வேலைக்குப் போகும்போது கட்டுகிற பழந்துணிக் கட்டு இரண்டு கையிலும் இருந்தது. அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு."

அடுத்த சனிக்கிழமை பாப்பா சட்டையைத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். கறை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே இடத்தில் கை புதிதாக இருந்தது. இந்தத் தடவை இன்னும் அழுத்தமாக.

அதற்குமேல் சீசாக்காவுக்குத் தெம்பில்லை. முன்னறையில் சோறு தின்னும்போது கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. முகத்தைக் காட்டியும் உட்கார முடியவில்லை. சட்டையின் கை காற்றில் லேசாக ஆடினால் உயிர் போய் உயிர் வந்தது. ஆய்வுக்கூடத்திலோ அயோடின் சீசாவைத் துடைக்கவே நடுங்கினாள். அதற்குள் கருங்கற்கள் போலக் கிடக்கும் சில்லுகளுக்கு மேலே எப்போதும் ஊதா நிறத்தில் ஒரு மூச்சு நிற்கும். உருகாமலே, கொதிக்காமலே, திடமாக இருந்தது அப்படியே ஆவியாகிவிடுவது அதன் குணம். அவள் புருஷனும் இந்த அறையில்தான் இருந்தபடியே ஆவியாகிப் போனார்.

வேன் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"வேண்டாங்க. நீங்க ஊருக்குப் போங்க."

வேன்காரர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை விட்டுவிட்டுத் திரும்பினார். "யாரு வேண்டாம்னாங்க? உங்க நாத்தனாரா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சட்டை," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவர் சிரிக்கவில்லை. "சட்டையே சொல்லிடுச்சுன்னா நான் என்னங்க பேசறது?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு உயிர்களின் வாழ்வு அங்கேயே முடிந்து போயிருக்க வேண்டியது. பாடத்திட்டம்தான் குறுக்கே வந்தது.

வருஷக் கடைசியில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் பாடம் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வருஷத்து வகுப்பு முடிந்து போயிருந்தது. அதனால் அதை அவள் பார்த்ததில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் சோறு வடித்த கஞ்சியைக் குழாயில் ஊற்றி, அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டார். பளிச்சென்று கருநீலம்.

பின்னால் தட்டோடு நின்றிருந்த சீசாக்கா எட்டிப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

"இப்பப் பாருங்க," என்று டீச்சர் குழாயைச் சுடரில் காட்டினார். நீலம் வெளுத்தது. மறைந்தே போயிற்று. "எல்லாரும் போச்சுன்னு நினைப்பீங்க. கொஞ்சம் பொறுங்க." குழாயைத் தண்ணீரில் நிறுத்தினார். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அடியிலிருந்து மெல்ல, மெல்ல, நீலம் திரும்பி வந்தது.

சீசாக்காவின் கையிலிருந்த தட்டு தடாலென்று விழுந்தது. அத்தனை தலையும் திரும்பியது.

"அக்கா! அடிபட்டுச்சா?"

"டீச்சர்... அது எப்படி திரும்பி வந்துச்சு?"

டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில், கேட்பது சீசாக்காதான் என்றாலும், கேள்வி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று புரிந்துகொண்டது தெரிந்தது. "கஞ்சியில இருக்கற ஸ்டார்ச்சை, அதான் மாவுச்சத்தை, ஒரு சுருண்ட வீடு மாதிரி வச்சுக்குங்கக்கா. அயோடின் அதுக்குள்ள போய்க் குடியிருக்கு. அப்பதான் அந்த நீலம். சூடு பட்டா வீட்டை விட்டு வெளியே வந்துடும். ஆறினதும் மறுபடி உள்ள போயிடும். எங்கயும் தொலைஞ்சு போறதில்ல."

"அயோடின் வேற எதுல இருக்கும் டீச்சர்? வீட்டுல?"

"டிஞ்சர் இருக்கே. புண்ணுக்குத் தடவற பழுப்பு மருந்து. ஸ்பிரிட்ல அயோடினைக் கரைச்ச கலவைதான் அது. ஸ்பிரிட் காத்துல போயிடும், அயோடின் தோல்ல தங்கிடும்."

சீசாக்கா கீழே விழுந்தவற்றைக் கூடப் பொறுக்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று சனிக்கிழமை. பாப்பாவின் கடைக்கு அன்று அரை நாள்தான். சீசாக்கா படியேறும்போது முன்னறையில் பேச்சுக் குரல் கேட்டது. பாப்பாவின் குரல்தான். யாரிடம் பேசுகிறாள்? சீசாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல ஏறினாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

வழக்கத்துக்கு முன்னதாகவே அலசிய சட்டை கஞ்சி சொட்ட ஆணியில் தொங்கியது. அதன் எதிரில் பாப்பா. கைக்கட்டை அவிழ்த்திருந்தாள். வலது கையை விரித்து, சட்டையின் இடது மார்பில் வைத்து, நெற்றியையும் அதன் மேல் சாய்த்திருந்தாள்.

"சொல்லிட்டாங்கண்ணே, வேண்டாம்னு. பாவம், அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்கு. போதும்ணே. நான் ஏதோ பொறுக்க மாட்டாம உங்கிட்ட சொல்லிட்டேன், என்னை விட்டுட்டுப் போறாங்களேன்னு. அதுக்கு இப்படியா கையை நீட்டுவே? இனிமே வராதேண்ணே. எனக்குப் பயமா இருக்கு..."

அவள் கையை எடுத்தாள். வெள்ளைத் துணியில் கருநீலமாக ஐந்து விரல் மலர்ந்திருந்தது. பாப்பா அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். வாரம் தவறாமல் அவள் அப்படித்தான் கண்ணை மூடியபடியே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

சீசாக்கா உள்ளே போனாள். அந்தப் பெரிய கையைப் பிடித்துத் திருப்பினாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறி உள்ளங்கை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பெல்லாம் பழுப்பு நிறம்.

"இது என்ன பாப்பா?"

"மருந்துக்கடையில குடுத்தாங்க. டிஞ்சரு. கடையில துணியில ஒட்டிக்குமேன்னு கட்டுப் போட்டுக்குவேன்." பாப்பா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "கேட்டுட்டீங்களா அண்ணி?"

சீசாக்கா அந்தக் கையைச் சட்டையின் மேல் கொண்டுபோய் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. வளைந்த சுண்டு விரலுக்கு வளைந்த சுண்டு விரல்.

பாப்பா தன் கையையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவ்வளவு பெரிய உடம்பு கிடுகிடுவென ஆடியது.

"நானா? அப்ப அண்ணன் வரலையா?"

பயம் தீர்ந்தவள் கேட்கிற கேள்வியா அது! அண்ணன் வந்து மிரட்டினாலும் பரவாயில்லை, வந்தாரே என்று இத்தனை நாள் உள்ளுக்குள் பிடித்துக்கொண்டிருந்தவள், அவரை இரண்டாம் முறை பறிகொடுத்த அழுகை அது. சீசாக்காவும் சேர்ந்து அழுதாள். அவளும்தானே அந்தக் கையைக் கண்டு நடுங்கிய நடுக்கத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், அதற்காகக் காத்திருந்தாள்.

"என் மேல கோவமா அண்ணி? உங்க வாழ்க்கைக்கு நானே குறுக்க கையை வச்சுட்டேனே!"

"வச்சதுதான் வச்சே, கொஞ்சம் கழுவிட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள் சீசாக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அழுகைக்கு நடுவில் பாப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "இங்க பாரு பாப்பா. நானும் நீயும் அவரால ஒட்டிக்கிட்டிருந்தோம், அவரு போயிட்டா வடிகட்டின மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம்னு நீ நினைச்சுட்டே. நானும் வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லல. தப்பு என் மேல. இவ்வளவு சூட்டுல சேர்ந்து வெந்தாச்சு. இனிமே எந்தக் காந்தம் வந்தாலும் உன்னைத் தனியா எடுக்க முடியாது. நான் எங்க போறேனோ நீயும் அங்க வரே."

"நானா? அவங்க வீட்டுக்கா? ஊரு சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும். சிரிக்கறவங்க கையில டிஞ்சரைத் தடவி விடறேன்."

வேன்காரர் விஷயத்தை முழுக்கக் கேட்டார். சட்டை, கை, கஞ்சி, டிஞ்சர் எல்லாவற்றையும். தலையைச் சொறிந்தார். "ஒரு வேன் நிறைய பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவனுக்கு இன்னும் ஒரு பாப்பா பாரமாங்க?" என்றார். "சட்டை சம்மதிச்சா போதும்."

பரீட்சை முடிந்து, வீட்டைக் காலி செய்யும் நாள் வந்தது. மூட்டைகள் கீழே போய்விட்டன. வெறிச்சோடிய முன்னறையில் காலையில் அலசிக் கஞ்சி போட்ட சட்டை மட்டும் தொங்கியது; கீழே இஸ்திரிப் பெட்டி இருந்தது. டாக்டர் கொடுத்த களிம்பில் பாப்பாவின் கை ஆறிவிட்டது. அதற்கப்புறம் சட்டையில் எதுவும் வரவில்லை. அந்த வெள்ளையைப் பார்க்க இரண்டு பேருக்குமே என்னவோ போலிருந்தது.

சீசாக்கா மூலையில் கிடந்த டிஞ்சர் புட்டியை எடுத்தாள். பாப்பாவின் கையில் தடவினாள். "வை," என்றாள்.

பாப்பா மார்பில் கையை வைத்து எடுத்தாள். கை மலர்ந்தது. சீசாக்கா ஈரம் காயாத துணியில் இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றி எடுத்தாள். கை மறைந்தது. இரண்டு பேரும் வெறுந்தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். கீழே வேனின் ஹாரன் ஒரு முறை மெதுவாக ஒலித்து அடங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் சட்டையின் கை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

"வருமா அண்ணி?" என்றாள் பாப்பா குசுகுசுவென்று.

"வரும். உள்ளதான் இருக்கு. ஆறட்டும்."

முதலில் சுண்டு விரல் தெரிந்தது.